வங்கி ஊழியர் வேலைநிறுத்தம்: அரசாங்கத்தைத் தீர்வுக்குக் கொண்டுவரும் வழிமுறை

கொழும்பில் வங்கி ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் "அரசாங்கம் தலையிட வேண்டும்" என்ற கோரிக்கை எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுகிறது. தொழிற்சங்கம் அதைக் கேட்கிறது. வங்கி முகாமைத்துவம் அதைக் கேட்கிறது. புறக்கோட்டையில் காசோலையை மாற்ற முடியாமல் நிற்கும் வியாபாரியும் அதையே கேட்கிறார். ஆனால் அரசாங்கத்தின் எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தின்கீழ், எந்தக் கட்டத்தில் தலையிட வேண்டும் என்று கேட்டால் பலரிடம் தெளிவான பதில் இருப்பதில்லை. அந்தத் தெளிவு இல்லாமையே பல வேலைநிறுத்தங்களைத் தேவைக்கு மேல் நீளச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. வங்கிக் கிளைகளில் சங்கப் பொறுப்பை ஏற்றிருக்கும் தமிழ் பேசும் ஊழியர்களை மனத்திற் கொண்டே இதை எழுதுகிறேன். மனிதவளப் பிரிவில் பணியாற்றுவோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எந்த அரசாங்கத்திடம் பேசுகிறீர்கள்?

வங்கிப் பிணக்கு ஒன்றில் அரசாங்கம் நான்கு நிலைகளில் நிற்கிறது. தொழில் திணைக்களம் வழியாக அது சமரசம் செய்பவராக நிற்கிறது. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி ஆகியவற்றைப் பொறுத்தவரை அதுவே உரிமையாளர். அந்த உரிமை நிதி அமைச்சின் ஊடாகவும் திறைசேரியின் ஊடாகவும் செயற்படுகிறது. மத்திய வங்கி வழியாக வங்கிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குறுத்துநரின் பணியும் அரசினுடையதே. வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் ஒரு சேவையை அத்தியாவசியமானதென்று பிரகடனப்படுத்தி, வேலைக்கு வராதிருப்பதையே குற்றமாக்கும் அதிகாரம் நான்காவது நிலை; அது ஜனாதிபதியிடம் இருக்கிறது.

இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே ஆரம்பத் தவறு. தொழில் ஆணையாளர் நாயகத்திடம் சென்று சம்பள உயர்வைத் தருமாறு கேட்பதில் பயனில்லை, ஏனெனில் தருவதற்கு அவரிடம் பணம் இல்லை. அவரால் தரக்கூடியது ஒரு மேசையும் ஒரு திகதியும் சட்டத்தின் பலமுள்ள ஒரு பதிவேடும் மட்டுமே. மறுபுறம், நிதி அமைச்சருக்கு நேரே மகஜர் கொடுத்துவிட்டு ஊடகவியலாளர் சந்திப்பு நடத்தினால், பணம் வைத்திருப்பவரைச் சந்தித்தது உண்மைதான் எனினும் அங்கே சொல்லப்படும் எந்த வாக்குறுதியும் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பணத்தைத் தீர்மானிப்பவரைச் சமரச மேசைக்குக் கொண்டுவருவதே இவ்வழிகாட்டியின் மையம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அதற்காகவே.

தனியார் வங்கியாயின் நிலை சற்று எளிது. அங்கே உரிமையாளர் அரசாங்கம் அல்ல. எதிரே அமர்வது வங்கி முகாமைத்துவமும், பெரும்பாலும் அதன் சார்பில் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும்தான். சங்கமும் முகாமைத்துவமும் செய்துகொள்ளும் கூட்டு உடன்படிக்கைகள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மரபு அங்கே நெடுங்காலமாக உள்ளது. அரசாங்கம் அங்கே சமரசம் செய்பவராக மட்டுமே வருவதால், அதன் நடுநிலையைப் பற்றிய சந்தேகமும் குறைவு. அரச வங்கியில், ஒரே அரசாங்கம் மேசையின் ஓரத்திலும் நடுவிலும் அமர்ந்திருக்கிறது. ஆகவே கீழே வருவனவற்றில் பெரும்பகுதியை அரச வங்கிகளை முன்வைத்தே விளக்குகிறேன்.

வேலைநிறுத்தத் திகதிக்கு முன்

அடிப்படைச் சட்டம் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். ஒரு பிணக்கு எழுந்துவிட்டது என்றாலோ, எழக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, தொழில் ஆணையாளர் நாயகம் அதில் கவனம் செலுத்த முடியும் என்று அச்சட்டம் கூறுகிறது. "எழக்கூடும்" என்ற அந்தச் சொல்லின் பெறுமதியைச் சங்கங்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. வேலைநிறுத்தம் தொடங்கிய பின்னர்தான் திணைக்களத்திடம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகாமைத்துவத்துடனான இரண்டு மூன்று சுற்றுப் பேச்சுகள் தேங்கிவிட்டன என்று தெரிந்தவுடனேயே நாரஹேன்பிட்டி கிருள வீதியிலுள்ள தொழில் செயலகத்தில், கைத்தொழில் உறவுகளுக்குப் பொறுப்பான பிரிவிற்கு எழுத்தில் முறையிடுங்கள். அரச நிறுவனம் என்பதால் இச்சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். விலக்கு அளிக்கப்பட்டிருப்பது அரசாங்கமே நேரடி முதலாளியாக உள்ள திணைக்களங்கள் போன்றவற்றுக்கே தவிர, தனிச் சட்டத்தால் தாபிக்கப்பட்ட வங்கிக் கூட்டுத்தாபனங்களுக்கு அல்ல.

அந்தக் கடிதம் ஒரு கண்டன அறிக்கையாக இருக்கக் கூடாது. வாசிப்பவர் ஓர் அதிகாரி. அவர் அடுத்த நாள் காலையில் இரு தரப்புக்கும் அழைப்பு அனுப்பக்கூடிய விதத்தில் அது எழுதப்பட வேண்டும். பிணக்கு எது என்பதை முதற் பந்தியிலேயே எழுதுங்கள். நடைமுறையிலுள்ள கூட்டு உடன்படிக்கை எப்போது முடிந்தது அல்லது முடிகிறது, புதிய கோரிக்கைகள் எந்தத் திகதியில் கையளிக்கப்பட்டன, முகாமைத்துவம் எந்தத் திகதியில் என்ன பதில் தந்தது என்பவற்றை வரிசையாக வையுங்கள். கோரிக்கைகள் இருபது இருந்தால் அவற்றுள் எவை சம்பளத்தோடு சம்பந்தப்பட்டவை, எவை பதவி உயர்வோடு, எவை ஓய்வூதியத்தோடு என்று பிரித்துக் காட்டுங்கள், ஏனெனில் திறைசேரியின் சம்மதம் வேண்டியவை எவை, பணிப்பாளர் சபையே தீர்த்துவிடக்கூடியவை எவை என்பதை அந்தப் பிரிப்பே அதிகாரிக்கு உணர்த்தும். கடித இறுதியில், சமரசப் பேச்சுக்கு நிதி அமைச்சின் பிரதிநிதியையும் அழைக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இதை நீங்கள் எழுத்தில் கேட்காவிட்டால், முதலாவது அமர்வு "மேலிடத்தின் அனுமதி வேண்டும்" என்ற ஒரே வசனத்தோடு கலைந்துவிடும்.

உறுப்பினர் பட்டியலையும் அப்போதே ஒழுங்காக்கி வையுங்கள். 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 32அ என்ற பிரிவைச் சேர்த்தது. எந்த ஊழியர்களின் சார்பில் பேச விரும்புகிறதோ அவர்களில் நூற்றுக்கு 40 வீதத்துக்குக் குறையாதவர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேரம் பேச மறுப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று அது கூறுகிறது. ஒரே வங்கியில் எழுதுவினைஞர், அதிகாரிகள், காவலர் எனப் பல சங்கங்கள் இருக்கும்போது இந்த 40 வீதம் எந்த வகுப்பினரை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படுகிறது என்பதிலேயே பேச்சுவார்த்தை சிக்கிக்கொள்ளலாம். சந்தாக் கழிவுப் பட்டியல் அதற்கு மிக வலுவான சான்று.

இன்னொரு சோதனையும் தவறக் கூடாது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி, அமைச்சர் வர்த்தமானிக் கட்டளையால் "அத்தியாவசியக் கைத்தொழில்" என்று பிரகடனப்படுத்திய தொழிலொன்றில் வேலைநிறுத்தம் செய்ய, குறைந்தது 21 நாட்களுக்கு முன்னர் விதிக்கப்பட்ட படிவத்தில் முதலாளிக்கு எழுத்து மூல அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். அத்தகைய கட்டளை உங்கள் துறைக்கு அவ்வேளையில் நடைமுறையில் உள்ளதா என்பதைச் சங்கத்தின் சட்டத்தரணியைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டளை எதுவும் இல்லாவிட்டாலும் 21 நாள் அறிவித்தலைக் கொடுத்துவிடுமாறே நான் ஆலோசனை கூறுவேன். அந்த மூன்று வாரங்கள் உங்களுக்கு இழப்பல்ல. சமரச அதிகாரி வேலை செய்வதற்கு வேண்டிய கால அவகாசம் அதுவே, அதோடு பின்னர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் சங்கம் பொறுப்போடு நடந்துகொண்டது என்பதற்கான ஆவணமும் அதுவே.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் இயங்கும் பெரிய வங்கிச் சங்கங்களின் தலைமையகச் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே முதலில் வருகின்றன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள கிளைகளில், அதைவிட முக்கியமாக வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கிளைகளில், உறுப்பினர்கள் கோரிக்கையின் நுணுக்கத்தை அறியாமலேயே வெளிநடப்புச் செய்யும் நிலை இதனால் ஏற்படுகிறது. தமிழும் அரசகரும மொழி என்பதை அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டுள்ளது. திணைக்களத்துக்கு அனுப்பும் முறைப்பாடு, வாக்கெடுப்புப் படிவம், இறுதி இணக்க ஆவணம் ஆகிய மூன்றும் தமிழிலும் கிடைப்பதை உறுதிப்படுத்துவது தமிழ் பேசும் சங்கப் பொறுப்பாளரின் முதற் கடமைகளுள் ஒன்று.

சமரச மேசையில்

ஆணையாளர் நாயகமோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ இரு தரப்பையும் அழைக்கும் கட்டம்தான் தீர்வு உண்மையில் உருவாகும் இடம். இதில் அவசரப்படாமல் நிற்குமாறு வேண்டுகிறேன். சமரச அதிகாரி நீதிபதி அல்லர். எவர் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை; எந்த இடத்தில் இருவரும் ஒப்பமிடக்கூடும் என்பதையே தேடுகிறார். இதை உணராத சங்கப் பிரதிநிதிகள் அவருக்கு முன்னால் வழக்கறிஞரைப் போல வாதாடிக் காலத்தைச் செலவிடுகிறார்கள்.

யார் போக வேண்டும் என்பதில் தொடங்குவோம். அந்த இடத்திலேயே ஓர் எண்ணை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் பெற்றவர்கள் மட்டும் போக வேண்டும். செயற்குழு அவர்களுக்கு எழுத்தில் ஓர் எல்லையை வகுத்துக் கொடுத்திருக்க வேண்டும். மறு தரப்பிலும் அதே தகுதியுள்ளவர் வருமாறு சமரச அதிகாரியிடம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. அரச வங்கி ஒன்றின் மனிதவளத் தலைவர் மட்டும் வந்து அமர்ந்திருக்கும் கூட்டத்தில், எவ்வளவு நேரம் பேசினாலும் சம்பளப் படிமுறை அசையாது, ஏனெனில் அந்தத் தீர்மானம் பணிப்பாளர் சபையையும் தாண்டி நிதி அமைச்சின் பொதுத் தொழில்முயற்சிகள் திணைக்களத்தின் பார்வைக்கும் திறைசேரியின் இணக்கத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. அரசாங்கம் உண்மையிலேயே வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க விரும்புகிறதா என்பதை அறிய ஒரு நல்ல அளவுகோல் உண்டு: முதல் வாரத்திலேயே திறைசேரியின் கையொப்பம் இடக்கூடிய ஒருவரை அது நாரஹேன்பிட்டிக்கு அனுப்புகிறதா, இல்லையா என்பதே அது.

இந்தியாவில் 2025 மார்ச் மாதம் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். வாரத்தில் ஐந்து வேலை நாட்கள் உள்ளிட்ட கோரிக்கைகளோடு அங்குள்ள வங்கிச் சங்கங்களின் ஐக்கிய மன்றம் மார்ச் 24, 25 ஆகிய இரு நாட்களுக்கு நாடளாவிய வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையரின் முன்னிலையில் நடந்த பேச்சில் வங்கி முகாமைத்துவங்களின் சார்பில் பேசும் இந்திய வங்கிகள் சங்கத்திடமிருந்தும் நிதி அமைச்சகத்திடமிருந்தும் கிடைத்த உறுதிமொழிகளை ஏற்று, வேலைநிறுத்தம் ஒத்திவைக்கப்பட்டது. கோரிக்கை அன்றே நிறைவேறிவிடவில்லை. எனினும் சமரசம் செய்பவரும் பணத்துக்குப் பொறுப்பானவரும் ஒரே பேச்சில் இணைக்கப்பட்டால் சில நாட்களுக்குள் ஒரு நகர்வு சாத்தியம் என்பதை அது காட்டுகிறது.

பேச்சின்போது கூட்டு அமர்வும் தனித்தனி அமர்வும் மாறி மாறி நடக்கும். தனி அமர்வில் சமரச அதிகாரியிடம் உங்கள் உண்மையான முன்னுரிமையைச் சொல்லிவிடுங்கள். அவர் அதை மறு தரப்பிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சம்பளத்தில் விட்டுக்கொடுக்க இயலாது, ஆனால் நடைமுறைப்படுத்தும் திகதியில் விட்டுக்கொடுக்கலாம் என்ற நிலையில் நீங்கள் இருந்தால், அவருக்கு அது தெரியாதவரை அவரால் உங்களுக்கு உதவ முடியாது. ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் அடுத்த அமர்வின் திகதியும், அதற்கு முன் எவர் என்ன ஆவணத்தைத் தர வேண்டும் என்பதும் குறிப்பேட்டில் பதியப்பட்டு ஒப்பமிடப்படுவதை வலியுறுத்துங்கள். அந்தக் குறிப்பின் பிரதி கையில் இல்லாமல் திரும்ப வேண்டாம்.

இந்தக் கட்டம் நடைபெறும்போது வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியச் சட்டம் சமரச நடவடிக்கை நடைபெறும் காலத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்துவந்தது. நமது சட்டத்தில் சமரசம் தொடங்கிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் அத்தகைய தடை எழுவதில்லை. ஆயினும் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பேச்சு நடக்கும் நாளிலேயே வெளிநடப்புச் செய்வது புத்திசாலித்தனமல்ல. சட்டப்படி வேலை செய்தல் (விதிகளில் உள்ளதை மட்டும் செய்வது), மேலதிக நேர வேலையை மறுத்தல், அரை நாள் அடையாள வேலைநிறுத்தம் என்று படிப்படியாக ஏறக்கூடிய வழிகள் இருக்கின்றன. முழு வேலைநிறுத்தம் தொடங்கிய பின் ஏறுவதற்குப் படி இல்லை.

அமைச்சரின் பேனா

சமரசம் முறிந்தால் இரண்டு வழிகள் திறக்கின்றன. இரு தரப்பும் சம்மதித்தால் ஆணையாளர் நாயகம் பிணக்கை நடுத்தீர்ப்புக்கு, அதாவது நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கு, அனுப்பலாம். சம்மதம் இல்லாவிட்டாலும், பிணக்குச் சிறியது என்று கருதினால் தொழில் அமைச்சர் 4(1) ஆம் பிரிவின்கீழ் அதை நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடமோ தொழில் நியாய சபையிடமோ கட்டாயமாக ஆற்றுப்படுத்தலாம், அதாவது தீர்வுக்கு அனுப்பிவைக்கலாம். 4(2) ஆம் பிரிவின்கீழ் எந்தப் பிணக்கையும் கைத்தொழில் நீதிமன்றத்துக்கு ஆற்றுப்படுத்தலாம். நடுத்தீர்ப்பாளரின் தீர்ப்பு நியாயமும் ஒப்புரவும் உடையதாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் அளவுகோல். அது வர்த்தமானியில் வெளியிடப்பட்டு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இந்த ஆற்றுப்படுத்தலின் விளைவைச் சங்கங்கள் மிகக் கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும். பிணக்கு நடுத்தீர்ப்புக்கோ கைத்தொழில் நீதிமன்றத்துக்கோ அனுப்பப்பட்ட பின், தீர்ப்பு வரும்வரை அந்தப் பிணக்குத் தொடர்பில் வேலைநிறுத்தத்தைத் தொடங்குவதோ தொடர்வதோ 40 ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். முதலாளி கதவடைப்புச் செய்வதற்கும் அவ்வாறே தடை உண்டு. ஆகவே அமைச்சரின் ஒரு கையொப்பம் வேலைநிறுத்தத்தை நிறுத்திவிடும் வலிமை கொண்டது. அது நல்லதா கெட்டதா என்பது எதை ஆற்றுப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட பதவி உயர்வுத் திட்டத்தின் பொருள்கோடல், ஒரு கொடுப்பனவின் நிலுவை, ஓர் இடைநிறுத்தம் போன்றவை நடுத்தீர்ப்புக்கு ஏற்றவை. நாடு தழுவிய சம்பளத் திருத்தத்தை அங்கே அனுப்பினால் அது பல காலம் இழுபடும். சாட்சியங்களும் ஒத்திவைப்புகளுமாகக் காலம் கழிய, அடுத்த கூட்டு உடன்படிக்கையின் காலமே வந்துவிடலாம். ஆகவே அமைச்சரைச் சந்திக்கும்போது, எந்த விடயங்களை நடுத்தீர்ப்புக்கு விடத் தயார், எவை சமரச மேசையிலேயே முடிய வேண்டும் என்ற பட்டியலோடு செல்லுங்கள். ஆற்றுப்படுத்தும் கட்டளையில் பிணக்கை விபரிக்கும் வாசகமே நடுத்தீர்ப்பாளரின் அதிகார எல்லை. அந்த வாசகத்தின் வரைவை முன்கூட்டியே பார்க்கக் கேளுங்கள். சட்டத்துக்கு முரணான ஆற்றுப்படுத்தலை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு மூலம் கேள்விக்குட்படுத்தலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வர்த்தமானி வரும்போது

1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின்கீழ், அரச திணைக்களம், பொதுக் கூட்டுத்தாபனம், உள்ளூராட்சிச் சபை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவை வழங்கும் சேவைகளை ஜனாதிபதி அத்தியாவசியமானவை எனப் பிரகடனப்படுத்தலாம். அதன்பின் வேலைக்கு வராமலிருப்பதும் பிறரை வராதிருக்கத் தூண்டுவதும் நீதவான் முன் விசாரிக்கப்படும் குற்றங்கள். சிறைத்தண்டனைக்கும் அவை உரியவை. சட்டத்தின் வாசகத்தைக் கவனித்தால் அது அரச வங்கிகளையே எட்டுகிறது, தனியார் வங்கிகளை அல்ல என்பது புரியும். 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு இதைவிட விரிந்த சொற்களில் அமைந்துள்ளது.

இந்த அதிகாரம் தீர்வு தருவதில்லை என்பதே என் நிலைப்பாடு. 1972 செப்டெம்பரில், பல வங்கிகளின் ஊழியர்களைக் கொண்ட இலங்கை வங்கி ஊழியர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். 1971 கிளர்ச்சிக்குப் பிந்திய அவசரகால நிலை நாட்டில் நடைமுறையில் இருந்தது. நிதி அமைச்சராக இருந்தவர், தொழிற்சங்க இயக்கத்தோடு வாழ்நாள் முழுதும் பிணைந்திருந்த என்.எம். பெரேரா. அவ்வாறிருந்தும் அந்தப் போராட்டம் நூறு நாட்களுக்கு மேல் நீண்டது. ஒரு பக்கம் பணியாதபோது மறுபக்கம் அதிகாரத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு அந்த நாட்களே சான்று. கூட்டுப் பேரம் பேசும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியதும் அதே ஆண்டு டிசெம்பரில்தான். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது அவசரகால விதிகளின்கீழ் பணிக்கு வராதோர் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்பட்டு ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அந்தக் குடும்பங்கள் பட்ட துயரத்தைக் கொழும்பின் பழைய தொழிற்சங்கவாதிகள் இன்றும் தணியாத வேதனையோடு பேசுவார்கள்.

வங்கிச் சேவை, கண்டிப்பான பொருளில், அத்தியாவசிய சேவை ஆகாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு பல காலமாகக் கொண்டுள்ள நிலைப்பாடு. மக்களின் உயிர், பாதுகாப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கு ஆபத்தானதா என்பதே அதன் அளவுகோல். சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய அவ்வமைப்பின் 87 ஆம் இலக்கச் சமவாயத்தையும் இலங்கை 1995 இல் உறுதிப்படுத்திவிட்டது. வர்த்தமானி வெளியானால் உடனே செய்ய வேண்டியவை இவை: சட்டத்தரணியின் ஆலோசனை கிடைக்கும்வரை உறுப்பினர்களைத் தனித்தனி முடிவெடுக்க விடாதீர்கள், கட்டளையின் வாசகம் உங்கள் வங்கியைப் பெயராலோ வகையாலோ உள்ளடக்குகிறதா என்பதை உறுதிசெய்யுங்கள், அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை வழங்கும் ஒரு மாதக் காலம் அன்றே ஓடத் தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆவேசத்தில் எழுதும் ஒரு வரி, பிறரைத் தூண்டிய குற்றத்துக்குச் சான்றாகிவிடக்கூடும்.

பிணக்கு வங்கியோடு அல்ல என்றால்

2023 மார்ச் மாத வேலைநிறுத்தங்களில் வங்கி ஊழியர்களும் இணைந்தார்கள். அவ்வாண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தனிநபர் வருமான வரி, மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்தில் படிப்படியாக ஏறி உச்ச வீதமாக நூற்றுக்கு 36 ஐத் தொட்டது. அதுவே முக்கிய மனக்குறை. ஆனால் கைத்தொழிற் பிணக்கு என்று சட்டம் வரையறுப்பது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே வேலை நிபந்தனைகள் பற்றி எழும் பிணக்கை. வரி வீதத்தை வங்கி விதிக்கவில்லை. ஆகவே சமரச அதிகாரிக்கு அங்கே செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் நிறைவேற்றுச் சபை அதே மாதம் 20 ஆந் திகதி நிதியுதவித் திட்டத்துக்கு அனுமதி வழங்கவிருந்த வேளையில், நிதி அமைச்சும் இறங்கிவர முன்வரவில்லை.

இத்தகைய கோரிக்கைகளுக்குரிய பாதை வேறு. தொழில் அமைச்சரின் தலைமையில் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் என முத்தரப்பும் கூடும் தேசிய தொழில் ஆலோசனைச் சபை, பாராளுமன்றத்தின் நிதிக் குழு, வரவுசெலவுத் திட்டத்துக்கு முந்திய யோசனைகள் என்பவையே அந்தப் பாதை. அது மெதுவானது. எனினும் 2025 ஏப்ரல் முதல் வரிவிலக்கு எல்லை மாதம் ஒன்றரை லட்சமாக உயர்த்தப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வரிக் கோரிக்கையையும் சம்பளக் கோரிக்கையையும் ஒரே அறிவித்தலில் கலந்து எழுதாதீர்கள். கலந்தால், தீர்க்கக்கூடிய இரண்டாவதும் தீர்க்க இயலாத முதலாவதோடு சேர்ந்து தேங்கிவிடும்.

பொதுமக்கள்

வங்கி மூடப்பட்டால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அட்டையும் செயலியும் பயன்படுத்தாதவர்கள்: ஓய்வூதியம் எடுக்க வரும் முதியோர், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் பெண்கள், அடகை மீட்க வந்தவர்கள். 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக அரசாங்கமே விசேட வங்கி விடுமுறை அறிவித்தபோது, வார இறுதியும் பிற விடுமுறைகளும் சேர்ந்து வங்கிகள் ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடியிருந்தன. இலத்திரனியல் வழிகள் இயங்கின. முன்கூட்டியே சொன்னால் பொதுமக்கள் சமாளிப்பார்கள் என்பதற்கு அது உதாரணம். வேலைநிறுத்தத்தின்போதும் தானியங்கிப் பணப்பொறிகளில் பணம் நிரப்பப்படுவதையும் வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவுகள் தடையின்றி நடப்பதையும் மத்திய வங்கி கவனித்து, தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும். ஓய்வூதியம் வழங்கும் நாட்களைத் தவிர்த்துத் திகதி குறிப்பது சங்கத்தின் பொறுப்பு. இதை நான் தந்திரமாகச் சொல்லவில்லை. அந்த முதியவர்கள் நம்மவர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஒப்பமிடும் முன்

இணக்கம் எட்டப்பட்ட இரவில் எல்லோரும் களைத்திருப்பார்கள். ஊடகங்கள் வாசலில் காத்திருக்கும். அந்த நேரத்தில் வரையப்படும் ஆவணத்தில்தான் பிற்காலத் தகராறுகள் விதைக்கப்படுகின்றன. "சாதகமாகப் பரிசீலிக்கப்படும்" என்ற சொற்றொடரை ஏற்காதீர்கள். யார், எந்தத் திகதிக்குள், எதைச் செய்வார் என்று எழுதப்பட வேண்டும். திறைசேரியின் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்றால், அது கிடைக்க வேண்டிய இறுதித் திகதியும், கிடைக்காவிட்டால் எத்தனை நாட்களுக்குள் சமரச மேசை மீண்டும் கூடும் என்பதும் ஆவணத்தில் இடம்பெறட்டும். வேலைநிறுத்த நாட்கள் சம்பளமற்றவையா, விடுமுறையில் கழிக்கப்படுமா என்பதையும், பங்குபற்றியவர்கள் மீது இடமாற்றம், பதவி உயர்வு மறுப்பு, ஒழுக்காற்று விசாரணை போன்ற பழிவாங்கல் எதுவும் நிகழாது என்பதையும் தனித்தனி வாசகங்களாக எழுதுவியுங்கள். பயிற்சிக் காலத்திலும் ஒப்பந்த அடிப்படையிலும் உள்ளவர்களைப் பெயரிட்டே உள்ளடக்குங்கள். அவர்களே முதலில் பழிவாங்கப்படுபவர்கள்.

கூட்டு உடன்படிக்கையாக அது அமைந்தால், ஆணையாளர் நாயகத்திடம் சமர்ப்பிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளியான பிறகு அதன் விதிகள் ஒவ்வோர் ஊழியரின் தொழில் ஒப்பந்தத்திலும் உள்ளார்ந்த நிபந்தனைகளாகிவிடுகின்றன. சங்கங்கள் வேலைக்குத் திரும்பிய மகிழ்ச்சியில் இந்தச் சமர்ப்பணத்தைப் பின்தொடர மறந்துவிடுகின்றன. ஒப்பமிட்ட மறுநாளே ஒரு பிரதியைக் கைத்தொழில் உறவுகள் பிரிவில் கையளித்துப் பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சம்பளப் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு தரத்திலும் ஒருவருடைய சம்பளச் சீட்டையாவது உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தென்பட்டால், எந்தத் தரத்துக்கு எவ்வளவு குறைந்துள்ளது என்ற கணக்கை இணைத்து, அதே சமரச அதிகாரியின் பெயருக்கு, அதே கோவை இலக்கத்தைக் குறிப்பிட்டு, அந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.